லாகின் செய்தது இங்கே, ஸ்கிரிப்ட் ஓடியது எங்கே? தின் கிளையன்ட் நெட்வொர்க்கில் நடப்பது என்ன?

ஒரு மருத்துவமனை. 2-ம் அறையில் இருக்கும் டாக்டர் மருந்துச் சீட்டுக்கு பிரிண்ட் கொடுக்கிறார். சீட்டு வெளியே வந்து விழுவது 7-ம் அறையில், வேறொரு நோயாளியின் கண் முன்னால். இன்னொரு பக்கம் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேப். காலை 9 மணிக்கு 30 மாணவர்களும் ஒரே நேரத்தில் பாஸ்வேர்டு போடுகிறார்கள். 30 திரைகளும் கறுப்பாக அப்படியே நிற்கின்றன.

இப்படி நடந்தால் உடனே வைரஸ், கேபிள் கோளாறு என்றுதான் பேச்சு கிளம்பும். ஆனால் தின் கிளையன்ட் வைத்திருக்கும் இடங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேறு ஒன்றை. லாகின் செய்ததும் தானாக ஓடும்படி யாரோ எழுதி வைத்த நாலைந்து வரி ஸ்கிரிப்ட். அது என்ன செய்கிறது என்பதைவிட, எந்த கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

தின் கிளையன்ட் என்றால் என்ன?

மேசையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருக்கும். கூடவே புத்தகம் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் இருக்காது. நீங்கள் திறக்கும் பிரவுசர், டைப் செய்யும் கடிதம், சேமிக்கும் ஃபைல் எல்லாமே வேறொரு அறையில் இருக்கும் சர்வரில்தான். உங்கள் மேசைக்கு வருவது படம் மட்டுமே. மேசையிலிருந்து சர்வருக்குப் போவது நீங்கள் அழுத்தும் கீயும் மவுஸ் அசைவும்.

இது புது யோசனை இல்லை. 1984-ல் எம்ஐடியில் தொடங்கிய எக்ஸ் விண்டோ சிஸ்டம், நிரல் ஒரு கம்ப்யூட்டரிலும் அதன் திரை இன்னொரு கம்ப்யூட்டரிலும் இருக்கலாம் என்ற அடிப்படையில்தான் கட்டப்பட்டது. விண்டோஸ் உலகில் சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995-ல் வின்ஃபிரேம் மூலம் இதைக் கொண்டுவந்தது. 1998-ல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வரை வெளியிட்டது. லினக்ஸில் ஜிம் மெக்குவில்லன் 1999-ல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட், சுருக்கமாக எல்டிஎஸ்பி, பழைய கம்ப்யூட்டர்களைக்கூட தின் கிளையன்ட்டாக மாற்றிக் காட்டியது. பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் லார்கோ நகராட்சி, தன் ஊழியர்கள் நூற்றுக்கணக்கானோரை தின் கிளையன்ட்டும் லினக்ஸ் சர்வரும் வைத்தே வேலை பார்க்கவைத்தது.

லாபம் புரிகிறது இல்லையா? 30 கம்ப்யூட்டர்களில் தனித்தனியாக சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டாம், ஒரு சர்வரில் ஏற்றினால் போதும். தவறும் அப்படித்தான். ஒரு இடத்தில் செய்தால் 30 இடத்திலும் தெரியும்.

ஸ்விட்சைப் போட்டதிலிருந்து டெஸ்க்டாப் வரை

எல்டிஎஸ்பியின் ஐந்தாம் பதிப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் பள்ளிகளில் ஓடியது அதுதான்.

பெட்டியை ஆன் செய்ததும் அதற்குத் தன் பெயர்கூடத் தெரியாது. நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ என்ற வசதி, 'யாராவது இருக்கீங்களா, எனக்கு ஒரு முகவரி வேணும்' என்று நெட்வொர்க்கில் கேட்கும். டிஹெச்சிபி சர்வர் ஒரு ஐபி முகவரியைக் கொடுத்து, அடுத்து எந்த ஃபைலை எடுக்க வேண்டும் என்றும் சொல்லும். டிஎஃப்டிபி வழியாக லினக்ஸ் கெர்னல் இறங்கும். மற்ற சிஸ்டம் ஃபைல்கள் எல்லாம் சர்வரில் இருந்தபடியே என்எஃப்எஸ் அல்லது என்பிடி மூலம் பெட்டிக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் லாகின் திரை.

இதுவரை ஓடியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள், அதன் சொந்த மெமரியில். ஓட்டியது ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர்.

இப்போது நீங்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறீர்கள். லாகின் திரை அதை வாங்கி, எஸ்எஸ்ஹெச் மூலம் சர்வருக்குள் உங்கள் பெயரில் நுழைகிறது. டெஸ்க்டாப் தொடங்குவது சர்வரில். அதன் படம் மட்டும் உங்கள் திரைக்கு வருகிறது. இந்த நொடியிலிருந்து ஓடும் எந்த ஸ்கிரிப்ட்டும் சர்வரில், உங்கள் அதிகாரத்தில் மட்டுமே ஓடும்.

நடுவில் இருக்கும் அந்தக் கோட்டைக் கவனிக்காமல் விடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பெட்டி எழும்போது ஓடுவது ஒரு வகை ஸ்கிரிப்ட். ஆள் நுழையும்போது ஓடுவது இன்னொரு வகை. இரண்டையும் 'ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.

டச் ஸ்கிரீனைச் சரிசெய்வது, பெட்டியில் நேரடியாகச் செருகிய பிரிண்டரைத் தயார்செய்வது போன்ற ஹார்டுவேர் வேலைகள் முதல் வகை. எல்டிஎஸ்பி-5ல் இதற்கு எல்டிஎஸ் டாட் கான்ஃப் என்ற ஒரே செட்டிங்ஸ் ஃபைல் இருக்கும். அதில் ஒவ்வொரு பெட்டியின் மேக் முகவரியைப் போட்டு, அதன் கீழே ஆர்சிஃபைல் என்ற வரியில் ஸ்கிரிப்ட்டின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெட்டி எழும்போது மட்டும் அது ஓடும். இந்த வேலையை லாகின் ஸ்கிரிப்ட்டில் எழுதினால் என்ன ஆகும்? உங்கள் மேசையில் இருக்கும் டச் ஸ்கிரீனை, அடுத்த அறையில் இருக்கும் சர்வர் தன்னிடம் தேடிப் பார்த்துவிட்டு 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்லும்.

லாகின் ஸ்கிரிப்ட்டை எங்கே வைப்பது?

லினக்ஸில் இதற்கு ஒரு இடம் இல்லை, பல இடங்கள். அதுவே ஒரு தலைவலி.

ஈடிசி ஃபோல்டரில் உள்ள ப்ரொஃபைல் டாட் டி என்ற துணை ஃபோல்டர், ஷெல்லில் லாகின் செய்யும் எல்லோருக்கும் பொது. டெபியன், உபுண்டு வகைகளில் எக்ஸ்செஷன் டாட் டி என்ற ஃபோல்டர், கிராஃபிக்ஸ் திரை வழியாக நுழைபவர்களுக்குப் பொது. டெஸ்க்டாப் எழுந்த பிறகு ஓட வேண்டியவற்றுக்கு ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டர். இவை போக, ஒவ்வொருவரின் ஹோம் ஃபோல்டரிலும் சொந்தமாக ஒரு ப்ரொஃபைல் ஃபைல், சொந்தமாக ஒரு ஆட்டோஸ்டார்ட்.

எந்த ஃபைல் படிக்கப்படும் என்பது எந்த லாகின் திரையைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து பார்த்தால் சரியாக ஓடும் ஸ்கிரிப்ட், கிராஃபிக்ஸ் திரையில் நுழைந்தால் ஓடாமல் போவது இதனால்தான். சோதிக்க வேண்டுமானால் மாணவர் உட்காரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, மாணவர் கணக்கில் நுழைந்து சோதியுங்கள். சர்வர் முன்னால் அட்மின் கணக்கில் சோதித்தால் அது சோதனையே இல்லை.

எக்ஸ்செஷன் டாட் டி விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அங்கே இருக்கும் ஃபைல்கள் தனி நிரலாக ஓடுவதில்லை. லாகினை நடத்தும் முக்கிய ஸ்கிரிப்ட் அவற்றை ஒவ்வொன்றாகத் தன்னோடு சேர்த்துப் படிக்கிறது. எனவே உங்கள் ஃபைலின் கடைசியில் பழக்கதோஷத்தில் 'எக்ஸிட்' என்று எழுதிவிட்டால், வெளியேறுவது உங்கள் ஃபைல் மட்டுமில்லை, மொத்த லாகினும்தான். பாஸ்வேர்டு போட்டதும் திரை ஒரு நொடி மின்னி, மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கும். பாஸ்வேர்டு தவறு என்று நினைத்துப் பயனர் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்.

அதே இடத்தில், முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நிரலைப் பின்னணிக்கு அனுப்பாமல் தொடங்கினால், அது முடியும்வரை டெஸ்க்டாப் வராது. ஆரம்பத்தில் சொன்ன 30 கறுப்புத் திரைகளுக்கு இது ஒன்றே போதும். இப்படி நடந்தால் பதற வேண்டாம். சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் மூலமோ, டெக்ஸ்ட் கன்சோல் மூலமோ நுழைந்து, கடைசியாகச் சேர்த்த ஃபைலை அந்த ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டு மறுபடி லாகின் செய்து பாருங்கள்.

டெஸ்க்டாப் வந்த பிறகு ஓடினால் போதும் என்கிற எதையும் ஆட்டோஸ்டார்ட்டில் வைப்பதே நல்லது. அங்கே தவறு நடந்தால் அந்த ஒரு வேலை கெடும், லாகின் கெடாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பயனர் நினைத்தால் அதே பெயரில் தன் ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைல் வைத்து, பொது ஆட்டோஸ்டார்ட்டை அணைத்துவிட முடியும். வசதிக்கு அது சரி, கட்டுப்பாடு விதிக்க உதவாது.

நான் எந்த மேசையில் இருக்கிறேன்?

சாதாரண கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் தன் கம்ப்யூட்டர் பெயரைக் கேட்டால் சரியான பதில் வரும். தின் கிளையன்ட்டில் கேட்டால் 30 பேருக்கும் ஒரே பதில்தான், சர்வரின் பெயர். 'முதல் லேப் என்றால் முதல் பிரிண்டர், இரண்டாம் லேப் என்றால் இரண்டாம் பிரிண்டர்' என்று எழுதிய ஸ்கிரிப்ட் இங்கே அனைவரையும் ஒரே பிரிண்டருக்கு அனுப்பும்.

இதற்கு வழி இருக்கிறது. எல்டிஎஸ்பி-5 லாகின் நடக்கும்போது, எல்டிஎஸ்பி_கிளையன்ட் என்ற மாறியில் பெட்டியின் ஐபி முகவரியைப் போட்டுவைக்கும். ஸ்கிரிப்ட் அதைப் படித்து முடிவெடுக்கலாம். அந்த மாறி காலியாக இருந்தால் ஆள் சர்வரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள், ஒன்றும் செய்யாமல் விலகிவிடலாம். ஒலியும் இதே கதைதான். பல்ஸ்_சர்வர் என்ற மாறியில் பெட்டியின் முகவரி இருந்தால்தான் பாட்டு உங்கள் ஹெட்ஃபோனில் கேட்கும். யாராவது தங்கள் ப்ரொஃபைல் ஃபைலில் அதை மாற்றி எழுதிவிட்டால், பாட்டு சர்வர் அறையில் யாருக்கும் கேட்காமல் ஓடும்.

விண்டோஸ் டெர்மினல் சர்வரில் கிளையன்ட்நேம் என்ற மாறி இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. டாக்டரின் மருந்துச் சீட்டு அதில்தான் மாட்டும்.

டாக்டர் காலையில் 7-ம் அறையில் லாகின் செய்கிறார். லாகின் ஸ்கிரிப்ட் ஓடி, 7-ம் அறைப் பிரிண்டரை அவருக்கு ஒதுக்குகிறது. பிறகு அவர் லாக்ஆஃப் செய்யாமல் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு 2-ம் அறைக்குப் போகிறார். அங்கே மறுபடி நுழைந்ததும் விட்ட இடத்திலிருந்து டெஸ்க்டாப் அப்படியே வருகிறது. தின் கிளையன்ட்டின் பெரிய வசதியே அதுதானே! ஆனால் இது புது லாகின் இல்லை, பழைய செஷனின் தொடர்ச்சி. எனவே லாகின் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடாது. ஏற்கெனவே திறந்திருக்கும் நிரல்கள் பழைய அறையின் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். பிரிண்டரும் 7-ம் அறையிலேயே நிற்கும்.

ஒருவரின் நோய் விவரம் இன்னொருவர் கைக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. இப்படி அறை மாறி அறை மாறி வேலை பார்க்கும் இடங்களில், பிரிண்டர் ஒதுக்கும் வேலையை லாகின் ஸ்கிரிப்ட்டை நம்பி விடக் கூடாது. செஷன் மறுபடி இணையும் நிகழ்வைக் கவனித்து ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் அமைக்கலாம். இன்னொரு வழி, பிரிண்டர் அருகே போய் அட்டையைக் காட்டினால் மட்டும் தாள் வரும்படி வைப்பது.

விண்டோஸில் இன்னும் சில

விண்டோஸ் இந்த இரு வகை ஸ்கிரிப்ட்டையும் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறது. குரூப் பாலிசியில் 'ஸ்டார்ட்அப்' என்பது கம்ப்யூட்டருக்கு, சிஸ்டம் அதிகாரத்தில் ஓடும். 'லாகான்' என்பது பயனருக்கு, பயனர் அதிகாரத்தில் ஓடும். தின் கிளையன்ட் பயனருக்கு 'கம்ப்யூட்டர்' என்பது சர்வரைக் குறிக்கும் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

ஒரே அதிகாரி சொந்த லேப்டாப்பிலும் வேலை பார்க்கிறார், டெர்மினல் சர்வரிலும் நுழைகிறார் என்றால், அவருடைய லாகான் ஸ்கிரிப்ட் இரண்டு இடத்திலும் ஓடும். லேப்டாப்புக்காக எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட் சர்வரில் ஓடினால் வம்பு. இதற்காகவே லூப்பேக் என்ற பாலிசி இருக்கிறது. நுழையும் கம்ப்யூட்டர் எது என்பதைப் பார்த்து, பயனரின் வழக்கமான விதிகளோடு சர்வரின் விதிகளைச் சேர்க்கவோ, அவற்றுக்குப் பதிலாக வைக்கவோ செய்யும்.

'ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை சார், ஆனா டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா ஓடியிருக்கு' என்ற புகாருக்கும் விளக்கம் உண்டு. விண்டோஸ் 8.1 முதல், லாகின் வேகமாக முடிய வேண்டும் என்பதற்காக லாகான் ஸ்கிரிப்ட்டை 5 நிமிடம் தள்ளி ஓட்டும் வழக்கம் வந்தது. குரூப் பாலிசியில் அந்தத் தாமதத்தை மாற்றலாம்.

30 பேர், ஒரே 9 மணி

சர்வரில் 4 கோர்கள் இருக்கின்றன, ஸ்கிரிப்ட் ஒருவருக்கு 2 நொடி பிராசஸர் நேரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் சேர்ந்தால் 60 நொடி வேலை. நான்கு கோர்களும் அதை மட்டுமே பார்த்தாலும் 15 நொடி ஆகும். இது தாங்கும். அதே ஸ்கிரிப்ட் ஒவ்வொருவரின் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் தேடிப் பழைய ஃபைல்களை அழிக்கிறது என்றால், டிஸ்க் திணறிவிடும். அந்த மாதிரி வேலைகளை இரவு 2 மணிக்கு சர்வரே ஒருமுறை செய்துவிடலாமே, லாகினில் எதற்கு?

இன்னொரு சர்வரில் இருக்கும் ஃபோல்டரை இணைக்கும் வரிகள் இன்னும் ஆபத்து. அந்த சர்வர் படுத்துவிட்டால், பதில் வரும்வரை இந்த ஸ்கிரிப்ட் காத்திருக்கும். டைம்அவுட் என்ற கட்டளையை முன்னால் சேர்த்து, 5 நொடிக்கு மேல் காத்திருக்காதே என்று சொல்லிவிடுவது நல்லது.

தற்காலிக ஃபைலிலும் கவனம் வேண்டும். ஸ்கிரிப்ட் டெம்ப் ஃபோல்டரில் ஒரே நிலையான பெயரில் ஃபைல் எழுதுகிறது என்றால், முதலில் நுழைந்த மாணவருக்கு அது சொந்தமாகிவிடும். இரண்டாவது ஆளால் அதில் எழுத முடியாது. சொந்த கம்ப்யூட்டரில் பத்து வருடம் ஓடினாலும் தெரியாத பிழை, லேபில் இரண்டாவது நிமிடமே தெரிந்துவிடும். எம்கேடெம்ப் கட்டளை ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் கொடுக்கும்.

கரண்ட் போனால் பெட்டி அணையும். யுபிஎஸ்ஸில் இருக்கும் சர்வர் அணையாது. 'ஒவ்வொரு நிமிடமும் பார்த்துக்கொண்டே இரு' என்று முடிவில்லாமல் சுற்றும் லாகின் ஸ்கிரிப்ட், ஆள் போன பிறகும் சர்வரில் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஐந்து நாளில் ஒரே மாணவருக்கு ஐந்து நகல் சேரும். திரை இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்த்து, இல்லையென்றால் நிற்கும்படி எழுத வேண்டும்.

லாகின் ஸ்கிரிப்ட்டால் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்றைக் கேட்டால், ஸ்கிரீன்சேவரை அணைப்பதைச் சொல்லலாம். சுழலும் முப்பரிமாண ஸ்கிரீன்சேவர், சொந்த கம்ப்யூட்டரில் அழகு. தின் கிளையன்ட்டில் ஒவ்வொரு அசைவையும் சர்வர் வரைந்து நெட்வொர்க்கில் அனுப்ப வேண்டும். மதிய உணவுக்கு எல்லோரும் எழுந்து போனதும், யாருமே இல்லாத லேபில்தான் நெட்வொர்க் அதிகமாகத் திணறும்!

பாஸ்வேர்டை அதில் எழுதலாமா?

கூடாது. லாகின் ஸ்கிரிப்ட் பயனரின் அதிகாரத்தில் ஓடுவதால், பயனரால் அதைப் படிக்க முடியும். அதில் எழுதிய பாஸ்வேர்டை எல்லோராலும் படிக்க முடியும். மறைத்து வைத்தாலும் பயனில்லை என்பதற்கு விண்டோஸே சாட்சி. குரூப் பாலிசி பிரிஃபரன்ஸில் பாஸ்வேர்டை என்கிரிப்ட் செய்து வைக்கும் வசதி இருந்தது. ஆனால் அதைத் திறக்கும் சாவி மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆவணத்திலேயே வெளியாகியிருந்தது. 2014 மே மாதம் வெளியிட்ட பாதுகாப்பு அப்டேட்டில், புதிதாக பாஸ்வேர்டு சேமிக்கும் வசதியையே நிறுவனம் நிறுத்தியது.

எழுதும் உரிமை இதைவிட முக்கியம். பொது ஸ்கிரிப்ட்டைத் திருத்தும் உரிமை தவறுதலாக மாணவர் ஒருவருக்குக் கிடைத்தால், அடுத்து நுழையும் ஆசிரியரின் அதிகாரத்தில் அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வினாத்தாள் ஃபோல்டரையும் திறக்கலாம்.

பழைய ஸ்கிரிப்ட் இனி உதவுமா?

2019-ல் எல்டிஎஸ்பி புதிதாக எழுதப்பட்டது. பழைய லாகின் திரையும் எல்டிஎஸ் டாட் கான்ஃப் ஃபைலும் போய்விட்டன. இப்போது எல்டிஎஸ்பி டாட் கான்ஃப் என்ற புது ஃபைல். அதைவிடப் பெரிய மாற்றம், பெட்டிகள் சர்வரிலிருந்து பூட் ஆனாலும் நிரல்களைத் தங்கள் சொந்த பிராசஸரிலேயே ஓட்டுகின்றன. ஹோம் ஃபோல்டர் மட்டும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் அல்லது என்எஃப்எஸ் வழியாக சர்வரிலிருந்து வருகிறது. இவற்றை ஃபேட் கிளையன்ட் என்கிறார்கள்.

அதாவது லாகின் ஸ்கிரிப்ட் ஓடும் இடம் சர்வரிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. பிரிண்டர், ஒலி விஷயங்கள் எளிதாகின்றன. சர்வரின் பிராசஸருக்கும் ஓய்வு. ஆனால் ஹோம் ஃபோல்டரைத் துழாவும் ஸ்கிரிப்ட் இப்போது ஒவ்வொரு ஃபைலையும் நெட்வொர்க் தாண்டித் தேடும், அது முன்பைவிட மெதுவாகவே ஓடும். எல்டிஎஸ்பி_கிளையன்ட்டை நம்பி எழுதிய பழைய ஸ்கிரிப்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் லேப் எந்த வகை என்று தெரியவில்லையா? ஆட்டோஸ்டார்ட்டில் ஒரே ஒரு வரி ஸ்கிரிப்ட் வையுங்கள். நேரம், பயனர் பெயர், கம்ப்யூட்டர் பெயர் மூன்றையும் அவரவர் ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைலில் எழுதட்டும். காலையில் எல்லோரும் லாகின் செய்த பிறகு அந்த ஃபைல்களைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே கம்ப்யூட்டர் பெயர் இருந்தால் ஸ்கிரிப்ட் சர்வரில் ஓடுகிறது. மேசைக்கு ஒரு பெயர் இருந்தால் அந்தந்தப் பெட்டியில் ஓடுகிறது.